நடுவில் இறங்கும் ஏர்போர்ட்டுக்கும் விசா கேட்பார்கள்

மதுரை காளவாசல் பக்கம் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்க ஆரம்பித்து எனக்கு எட்டு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் பிள்ளைகள் போனிலேயே டிக்கெட் போட்டுவிட்டு, "அண்ணே, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று வருகிறார்கள். பார்த்தால், தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே கூத்து. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா, பெயரில் எழுத்துப் பிழையா என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு டிக்கெட்டை ஒட்டுப் போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். மேலூர்ப் பையன் ஒருவன், தென்கொரியாவில் படிக்க இடம் கிடைத்திருந்தது. மதுரை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–சியோல் வேறு கம்பெனியில் இன்னொன்று என்று நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒன்பதாயிரம் மிச்சம். நடுவில் ஐந்து மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு ஏறிக்கொள்வான் என்று நினைப்பு.

மதுரை பெருங்குடி ஏர்போர்ட்டில் பெட்டியை எடை போட்டார்கள். டேக்கில் சிங்கப்பூர் மட்டும்தான் வந்தது, சியோல் இல்லை. டிக்கெட் தனித்தனி என்பதால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும். அதை எடுக்க இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அது அந்த நாட்டுக்குள் நுழைவது, இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரிச் சில நாட்டு விசா கையில் இருந்தால், நிபந்தனைகளோடு 96 மணி நேரம் விடுவார்கள். கொரிய விசா அந்தப் பட்டியலில் இல்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார். விமானக் கம்பெனிகள் பார்ப்பது டைமேட்டிக் என்கிற, நாட்டுக்கு நாடு விசா விதிகளைச் சொல்லும் தொகுப்பை. காகிதம் சரியில்லாத ஆளை ஏற்றிப் போனால் அபராதமும் திருப்பிக் கூட்டிவரும் செலவும் அவர்கள் தலையில். கெஞ்சிப் பயனில்லை. "என்னண்ணே, கொரியாவுக்குத்தான் விசா வாங்கியாச்சே?" என்று பையனின் அப்பா கேட்டார். கையில் துண்டு சுற்றிய முறுக்கு டின். என்ன சொல்ல? சென்னை வழியாக ஒரே டிக்கெட்டாகப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். நாற்பதாயிரத்துக்கு மேல் என் கையை விட்டுப் போனது.

இப்போது செயலிகளே இந்த ஒட்டு வேலையைச் செய்கின்றன. இரண்டு டிக்கெட்டையும் ஒன்று போலக் காட்டி, 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வார்த்தை கண்ணில் பட்டால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்று விசாரியுங்கள்: பெட்டி கடைசி ஊர் வரை தானாகப் போகுமா?

அமெரிக்கா வழியாக மெக்சிகோ

விசா வேண்டும். இமிக்ரேஷனைத் தாண்டாமல் விமானம் மாறும் ஏற்பாடே அமெரிக்காவில் கிடையாது.

ஐரோப்பாவில் இரண்டு நிறுத்தம்

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, லிஸ்பனில் மாறி, பிரேசில் என்று ஒரு டிக்கெட் வந்தது. ஃபிராங்க்ஃபர்ட்–லிஸ்பன் நமக்கு மதுரை–சென்னை மாதிரி உள்நாட்டுப் பயணம்; இரண்டும் ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் என்கிற ஐரோப்பிய நாடுகள் கூட்டத்துக்குள் இருக்கின்றன. ஷெங்கனுக்குள் நுழைந்துதான் ஏற முடியும், ஷெங்கன் விசா இல்லாமல் நடக்காது. லண்டன் அதில் சேராது, அதன் சட்டம் தனி.

"மச்சான் போன வருஷம் இப்படித்தான் போனான்"

அது போன வருஷம்.

ஜுவல் அருவி

"சாங்கியில நாலு மணி நேரம் இருக்குண்ணே, அருவியைப் பாத்துட்டு வந்துரவா?" சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் ஜுவல் என்கிற கட்டடத்துக்குள் இருக்கும் அருவி அது. இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது, தம்பி. டெர்மினல் 2-க்கும் 3-க்கும் நடுவே ஓடும் குட்டி ரயில் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து போகும். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.