நேரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு எந்த அரட்டைக் குழு? எளிதாகச் சேரும்படி அமைப்பது எப்படி?

பயிலரங்கமோ மாநாடோ, வந்தவர்களுக்கென்று பொதுவாக ஒரு குரூப் இருந்தால் ஏற்பாட்டாளருக்குப் பாதி அலைச்சல் மிச்சம். அமர்வு வேறு அறைக்கு மாறிவிட்டது, யாரோ சார்ஜரை விட்டுவிட்டுப் போய்விட்டார், எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். குரூப்பில் சேருவதற்கான கியூஆர் கோடை ஸ்கேன் செய்த ஆள் முதல் செய்தியைப் போடுவதற்குள் எத்தனை திரை தாண்ட வேண்டியிருக்கிறது? அதை எண்ணுங்கள்.

படி 1: கேளுங்கள்

பதிவுப் படிவத்திலேயே "இவற்றில் எது ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள். பெரும்பாலானோரிடம் இருப்பதுதான் உங்கள் செயலி. ஏற்பாட்டுக் குழுவுக்குப் பிடித்தது எது என்பது இங்கே கணக்கில் வராது.

படி 2: என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள்

வாட்ஸ்அப் என்றால் பலர் ஒரே தட்டலில் உள்ளே வந்துவிடுவார்கள். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை இடமும் உண்டு. சிக்கல், முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் எண் தெரிவதுதான். நிகழ்ச்சி முடிந்தபின் தேவையில்லாத அழைப்பு வந்தால் வசவு உங்களுக்குத்தான் விழும். அறிவிப்பு மட்டும் போதும் என்றால் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் (பல குரூப்புகளை ஒரே குடையின் கீழ் வைக்கும் வசதி) அறிவிப்புக் குழு போதும். அங்கே உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது.

டெலிகிராமிலும் சிக்னலிலும் கணக்குத் தொடங்க எண் வேண்டும், ஆனால் அதை மற்றவர்களிடமிருந்து மறைத்துக்கொள்ளலாம். டெலிகிராமில் தாமதமாக வருகிறவர் பழைய செய்திகளையும் படிக்க முடியும். பிரைவேட் குரூப் என்றால் மட்டும், பழைய செய்திகள் புதியவர்களுக்குத் தெரியும்படி அமைப்பை நீங்கள்தான் மாற்றிவிட வேண்டும்.

டிஸ்கார்டு பிரவுசரிலேயே திறக்கும். ஆனால் அதுவரை பார்த்திராதவருக்கு அதிலுள்ள சேனல் (தலைப்புவாரியான அரட்டை அறை) வரிசை தலையைச் சுற்ற வைக்கும். ஸ்லாக் ஒரே அலுவலகத்து ஆட்களுக்குச் சரி, ஒரு நாள் கூட்டத்துக்கு அது அதிகம்.

படி 3: இணைப்பை அச்சுக்கு அனுப்பும் முன்

பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். டிஸ்கார்டு அழைப்பு இணைப்பு தானாக 7 நாளில் காலாவதியாகிவிடும். இரண்டு வாரம் முன்பே போஸ்டர் அடித்திருந்தால், நிகழ்ச்சியன்று அதிலுள்ள கியூஆர் கோடு வெறும் கட்டம்தான். உருவாக்கும்போதே காலாவதி இல்லாதபடி மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அந்தத் தொல்லை இல்லை; ஆனால் அட்மின் யாராவது இணைப்பை ரீசெட் செய்தால் (பழையதை ரத்து செய்து புதிது உருவாக்கினால்) அச்சடித்ததெல்லாம் வீண். அதனால் அட்மின்கள் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கியூஆர் கோடைச் செயலிக்குள்ளேயே எடுக்க முடிந்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். வெளித் தளங்கள் சில தங்கள் சொந்த முகவரி வழியாகத் திருப்பிவிடும், இலவசக் காலம் முடிந்ததும் கோடு செத்துவிடும். கோடுக்குக் கீழே இணைப்பை எழுத்திலும் போடுங்கள், லேப்டாப்பில் இருப்பவருக்கு உதவும்.

படி 4: வெளியாளை வைத்துச் சோதியுங்கள்

உங்கள் போனில் எல்லாம் சரியாகத்தான் திறக்கும், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர். குரூப்பில் இல்லாத ஒருவரிடம் அச்சடித்த தாளைக் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே தயங்குகிறாரோ அங்கேதான் மற்றவர்களும் நிற்பார்கள். அட்மின் ஒப்புதல் தேவை என்று வைத்திருந்தால், காலையில் அதைப் பார்க்கவே தனியாக ஓர் ஆள் வேண்டும். இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

படி 5: அன்றைக்கு

நுழைவு மேஜையிலும், முதல் அமர்வின் திரையிலும் கியூஆர் கோடு இருக்கட்டும். நிகழ்ச்சி நிரலைக் குரூப்பின் மேலேயே நிற்கும்படி பின் (pin) செய்துவிடுங்கள். அட்மின் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் மேடையில் இருப்பாரே. அப்புறம், குரூப் எப்போது மூடப்படும் என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நாள் வந்ததும் இணைப்பை ரீசெட் செய்து, அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.