நான் தொடவே இல்லை அண்ணா

கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே வேலை, ஆபீஸ் கோயம்புத்தூரில். கோடை பில்டு செய்து சர்வருக்கு அனுப்பும் எங்கள் ஜென்கின்ஸ் மென்பொருளில் 40 ஜாப்கள் (தானாக ஓடும் வேலைகள்), எல்லாம் பிரவுசரில் கிளிக் செய்து உருவாக்கியவை. ஒருநாள் டெஸ்ட் சர்வருக்குப் பழைய கிளையின் (branch, கோடின் தனிப் பதிப்பு) கோடு போய்விட்டது. யாரோ ஜாப்பில் கிளையின் பெயரை மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். கேட்டால், "நான் தொடவே இல்லை அண்ணா." எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

சர்வரில் ஒவ்வொரு ஜாப்புக்கும் அதன் அமைப்புகள் அடங்கிய ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. யார் எதை மாற்றினார் என்று பதிவு வைக்கும் கிட்டில் (Git) அதை அப்படியே போடலாமா என்று பார்த்தேன், படிக்கச் சகிக்கவில்லை. அப்புறம்தான் ஜாப்களை ஸ்கிரிப்டாக எழுத உதவும் ஜாப் டிஎஸ்எல் பிளகினுக்கு வந்தேன். க்ரூவி மொழியில் சர்வீஸ் பெயர்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஜாப் எழுத அதன் மேல் ஒரு லூப், அவ்வளவுதான். அந்த ஸ்கிரிப்டை கிட்டிலிருந்து எடுத்து ஓட்டி மற்ற ஜாப்களை உருவாக்கும் சீட் ஜாப் ஒன்றை மட்டும் கையால் செய்தேன். பாஸ்வேர்டுகள் ஜென்கின்ஸிலேயே இருக்கின்றன. ஸ்கிரிப்டில் அவற்றின் ஐடி மட்டும்.

சூடு பட்டது ஒரே இடத்தில். ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிட்ட ஜாப்பை என்ன செய்வது என்ற அமைப்பில் 'அழி' என்று வைத்திருந்தேன். ஒரு ஜாப்பின் பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தி சீட் ஜாப்பை ஓட்டினேன். அதன் கணக்கில் பழைய பெயர் போய்விட்டது, புதுப் பெயர் புது ஜாப். பழைய ஜாப் அழிந்து, அது இதுவரை ஓடிய பில்டு வரலாறு மொத்தமும் போச்சு! 'ப்ரீவியஸ்நேம்ஸ்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் வரலாறோடு பெயர் மாறியிருக்கும். இப்போது 'முடக்கு' என்று வைத்திருக்கிறேன்.

பாலக்காட்டுப் பையன் ஒருவன் இன்னும் பிரவுசரில்தான் திருத்துகிறான். அடுத்து சீட் ஜாப் ஓடி ஸ்கிரிப்டில் உள்ளபடியே மாற்றி எழுதியதும், "சேட்டா, நான் மாற்றியதைக் காணோமே" என்று போன். கிட்டில் போடு, இருக்கும் என்கிறேன்.