மைட்ரல் வால்வு மாற்றுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஞ்செட்டி மலையிலிருந்து ஒருவர் மூச்சிரைப்போடு வருகிறார். ருமாட்டிக் காய்ச்சலில் கெட்ட மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ளது), பல வருஷக் கசிவு, இடது வென்ட்ரிக்கிள், அதாவது கீழறை, விரிந்து கிடக்கிறது. புதிதாகக் கத்தி பிடிப்பவர் ஏட்ரியத்தை, அதாவது மேலறையை, திறந்ததும், “எல்லாம் ஒட்டித் தடிச்சுப் போச்சு” என்று சொல்லி இதழ், இதழை இழுத்துப் பிடிக்கும் நாண், நாண் முளைக்கும் பேப்பில்லரித் தசையின் தலை வரை வழித்தெடுத்துத் தட்டில் போடுகிறார். ஐந்து நிமிஷ வேலை.

நாண்களை முழுசாக அறுப்பது

பின்பக்க இதழையும் நாண்களையும் விட்டுவைத்து வால்வு மாற்றலாம் என்று இதய அறுவை மருத்துவர் லில்லெஹை 1964-லேயே எழுதிவிட்டார். இன்னும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

ஆனுலஸையும் (வால்வு பதிந்திருக்கும் வளையம்) தசைச்சுவரையும் இழுத்துக் கட்டியிருப்பவை நாண்கள்தாம். பந்தல் கயிற்றை அறுத்தமாதிரி, வென்ட்ரிக்கிள் பந்தாக உப்பிவிடும். அதுவரை ஏட்ரியத்துக்குள் சுலபமாகக் கசிந்த ரத்தமும் இனி அயோர்ட்டா என்ற பெருந்தமனியின் அழுத்தத்தை எதிர்த்தே போகவேண்டும். சுமை கூடுகிற அதே நேரத்தில் தாங்குகயிறும் போய்விடுகிறது. பம்ப் சக்தி சரியும். பின்சுவரே கிழியவும் கூடும்.

பின் இதழை அப்படியே விடுங்கள். 2-0 பிளெட்ஜெட் (சிறு துணிப்பட்டை வைத்த) தையல் ஆனுலஸில் நுழைந்து இதழின் ஓரத்தையும் பிடிக்கட்டும். முடிச்சு இறங்கும்போது இதழ் மடிந்து வால்வு வளையத்தடியில் அடங்கிவிடும். முன் இதழை ஆனுலஸில் 2, 3 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டி, நடுப்பகுதியை எடுத்துவிட்டு, மீதியை நாணோடு இரண்டு துண்டாக்கி இரு கமிஷர் (இதழ்கள் சேரும் மூலை) பக்கமும் சேர்த்துத் தையுங்கள். தடித்த இடத்தைச் சீவலாம், ஒட்டிய தசைத்தலையைப் பிளக்கலாம். சுண்ணாம்பு ஏறி எதுவுமே தேறவில்லையென்றால், பேப்பில்லரித் தலையிலிருந்து ஆனுலஸுக்கு 4-0 அல்லது 5-0 கோர்-டெக்ஸ் செயற்கை நூல் கட்டுங்கள். இழுத்துக் கட்டாதீர்கள்: நின்றுபோன இதயம் தொளதொளவென்று இருக்கிறது, துடிக்கத் தொடங்கியதும் விறைத்துத் தசையைக் கிழிக்கும்.

முன் இதழை முழுசாக விட்டுவைப்பது

இது எதிர்முனைத் தவறு. அயோர்ட்டாவுக்குப் போகும் வழியில் கப்பல் பாய்போல் விரிந்து அடைக்கும். உயரமான தூண்களுள்ள திசு வால்வு (விலங்குத் திசுவில் செய்தது) என்றால் இன்னும் மோசம்.

பெரிய சைஸ் ஆசை

29 மி.மீ. வால்வைத் திணிப்பதைவிட 27 நன்றாக உட்காரட்டும்.

ஆழமான ஊசி

பின் ஆனுலஸை ஒட்டி சர்கம்ஃப்ளெக்ஸ் என்ற இதயத் தமனி ஓடுகிறது.

வால்வு வைத்தபின் இதயத்தைத் தூக்குவது

கூடாது, பின்சுவர் கிழியக்கூடும்.

தகடு அசைகிறதா என்று பார்க்காமல் மூடுவது

தகடு திறந்து மூடும் மெக்கானிக்கல் வால்வில் ஒரு நாண்துணுக்கு போதும், தகடு பாதியில் நிற்க. ஏட்ரியத்தை மூடுமுன் தகட்டைத் தள்ளிப் பாருங்கள். சிக்கினால் வால்வைச் சுழற்றி வையுங்கள். பைபாஸிலிருந்து (இதய-நுரையீரல் இயந்திரம்) இறங்கியதும் உணவுக்குழாய் எக்கோவில் மறுபடி பார்க்க வேண்டும், அயோர்ட்டா வழியையும் சேர்த்து.