உங்கள் பாதைக்கும் மழைக்கும் ஏற்றபடி மவுண்டன் பைக்கை அமைப்பது எப்படி?

ஒவ்வொரு ஊர்ப் பாதைக்கும் தனித்தனியாக மவுண்டன் பைக்கை வடிவமைக்கத் தேவையில்லை. டயர், சஸ்பென்ஷன், பிரேக் மூன்றையும் சரியாக அமைத்தாலே பெரும்பாலான பாதைகளுக்கு ஒரே பைக் போதும். ஆனால் ஃபிரேமில் சில விஷயங்களை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. சேறும் மழையும் முதலில் கைவைப்பது அங்கேதான். அதனால் ஃபிரேமிலிருந்து தொடங்குங்கள்.

6 மி.மீ. அலன் கீ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டப்போகும் டயரை மாட்டிக் காற்றடித்துவிட்டு, பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுழலும் இடம்) பின்னால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் கீயை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போனால்தான் அந்த ஃபிரேம் களிமண் பாதைக்கு ஆகும். இடைவெளி குறைந்தால் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். சேற்றோடு சேர்ந்த மணல் ஃபிரேமை அராவும். கார்பன் ஃபிரேம் என்றால் இழையே அறுபடும்.

அடுத்து தண்ணீர் வெளியேறும் வழி. பைக்கைக் கழுவியபின் சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டைக் கழற்றிவிட்டு, பைக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டினால், அது அதுவரை பாட்டம் பிராக்கெட் பேரிங்கில்தான் தேங்கிக் கிடந்திருக்கிறது. அடியில் சிறு வடிகால் துளை இருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழை அதிகமுள்ள இடத்துக்கு மரை போட்டுத் திருகும் பாட்டம் பிராக்கெட்டே நல்லது. அழுத்திப் பொருத்தும் வகையில் மண்ணும் ஈரமும் நுழைந்தால் கிறீச் சத்தம் தொடங்கிவிடும். அதை நிறுத்துவது பெரும்பாடு.

பாதையின் சரிவைப் பொறுத்தது ஹெட் ஆங்கிள், அதாவது ஃபிரேமின் முன்குழாய் தரையோடு சாய்ந்திருக்கும் கோணம். செங்குத்தான இறக்கங்களுக்கு 64 முதல் 65 டிகிரி. ஏற்றமும் வளைவும் அதிகமான மிதமான பாதைக்கு 66 முதல் 68. ஒரு டிகிரி வித்தியாசத்துக்காகப் புது பைக் வாங்க வேண்டாம். ஃபிரேம் இடங்கொடுத்தால் ஆங்கிள் ஹெட்செட் (முன்குழாயின் கோணத்தை மாற்றும் பேரிங் தொகுதி) போட்டே அதை மாற்றலாம். பாறையில் பெடல் அடிக்கடி இடித்தால் 175 மி.மீ. கிராங்கை (பெடலைத் தாங்கும் கை) எடுத்துவிட்டு 165 போடுங்கள். தரையிலிருந்து 10 மி.மீ. கூடுதல் இடைவெளி கிடைக்கும். சீட்டையும் அதே அளவு உயர்த்த மறக்காதீர்கள்.

இனி டயர். செலவிடும் பணத்துக்கு இதைவிட அதிக பலன் தரும் மாற்றம் வேறில்லை. ஆழமான சேற்றுக்கு உயரமான, இடைவிட்டு அமைந்த பட்டன்கள் வேண்டும். நெருக்கமான பட்டன்களில் களிமண் ஒட்டி டயர் வழுவழுப்பாகிவிடும். ஆனால் அதே சேற்று டயர் ஈரமான வேரிலும் பாறையிலும் ஏமாற்றும். உயரமான பட்டன் மடங்கி வழுக்கும். அங்கே பிடிப்புக்கு மென்மையான ரப்பர்தான் கைகொடுக்கும். முன்னால் மென்மையான ரப்பர், பின்னால் சற்றுக் கடினமானது என்று போட்டால் தேய்மானமும் கட்டுக்குள் இருக்கும். காய்ந்து இறுகிய மண்ணுக்குக் குட்டையான, நெருக்கமான பட்டன்களே போதும்.

காற்றழுத்தம்: 70 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயர் என்றால் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். ஈரத்தில் 1 அல்லது 2 குறைத்துக்கொள்ளுங்கள். கூர்மையான பாறையில் ரிம் இடித்தால் பின்சக்கரத்துக்கு மட்டும் 2 கூட்டுங்கள். வெயில் காலத்தில் டயருக்குள் இருக்கும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் 2 மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 மி.லி. அளவு போதும்.

பிரேக்கில் மழைக்காலத்துக்கு மெட்டல் பேட் (ரோட்டரை அழுத்திப் பிடிக்கும் கட்டை) போடுங்கள். ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் மண் கலந்த தண்ணீரில் வேகமாகக் கரையும். மாற்றுமுன் ரோட்டரில், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டில், உள்ள எழுத்தைப் படியுங்கள். ரெசின் பேடுக்கு மட்டும் என்றிருந்தால் மெட்டல் பேட் அந்த ரோட்டரைத் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது பேடைக் காய்ந்த தரையில் பழக்க வேண்டும்: மிதமான வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடக்கும் வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்படி 20 முறை. பழக்காத பேடோடு நேரே மழையில் இறங்கினால் பிடிப்பும் வராது, பேடும் நிற்காது. பிரேக்கை இயக்கும் திரவம் டாட் (DOT) ஆயில் என்றால் அது ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், நீண்ட இறக்கத்தில் லீவர் தொய்ந்துபோகும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஆயிலை ஊற்றவே கூடாது, சீல்கள் கெட்டுவிடும்.

அடுத்து சஸ்பென்ஷன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ‘சாக்’ (உங்கள் எடையில் ஃபோர்க் இறங்கும் அளவு) எவ்வளவு என்று முழு உடுப்போடும் பையோடும் ஏறி நின்று அளந்து பாருங்கள்: 150 மி.மீ. ஃபோர்க் 30 மி.மீ. இறங்கினால் சரி. குளிர்ந்த மலைக்குப் போகிறவர்கள் அங்கே போய் மறுபடி அளக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் 80 பிஎஸ்ஐ அடித்தது 10 டிகிரியில் சுமார் 74 ஆகிவிடும். எண்ணெயும் கெட்டியாவதால் ஃபோர்க் திரும்பி எழுவது மந்தமாகும். ஃபோர்க் எழும் வேகத்தை மாற்றும் ரிபவுண்ட் திருகை ஒரு கிளிக் திறந்துவிடுங்கள்.

கடைசியாகச் செயின். தூசிக்கு மெழுகு, மழைக்கு ஈர லூப் (ஈரப் பாதைக்கான செயின் எண்ணெய்). தூசியில் ஈர லூப் போட்டால் மணல் ஒட்டிச் செயினும் பல்சக்கரமும் சேர்ந்தே தேயும். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அதைவிட விலை கூடிய கேசட்டையும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) மாற்ற வேண்டிவரும்.