கார்டு அரிதுதான், கேட்க ஆள் இருக்கிறதா?

சேர்த்து வைப்பதற்கென்றே அச்சடிக்கும் விளையாட்டுக் கார்டின் ஓரத்தில் "5/10", அதாவது பத்தில் ஐந்தாவது பிரதி, என்று பளபளக்கும் எழுத்தில் அச்சாகியிருந்தால் கை தானாகப் பர்ஸுக்குப் போய்விடும். எனக்கும் அப்படித்தான் போனது. உலகத்திலேயே பத்துதான், அதில் ஒன்று நம்மிடம் என்ற நினைப்பில், அப்போது பேர் அடிபட்டுக்கொண்டிருந்த ஒரு இளம் ஆட்டக்காரரின் கார்டை வாங்கினேன். அவர் இரண்டு சீசனோடு காணாமல் போனார். மூன்று வருடமாக விற்பனைக்குப் போட்டு வைத்திருக்கிறேன், ஒரே ஒருவர் விலை கேட்டார், கேட்டதோடு சரி.

இதற்கு நேர் எதிரான கதை, டாப்ஸ் என்ற கார்டு நிறுவனத்தின் 1952 பேஸ்பால் செட்டில் இருக்கிறது. அந்தச் செட்டின் கடைசிப் பகுதி 311 முதல் 407 வரை, அதாவது 97 கார்டுகள். அச்சு ஷீட்டிலோ 100 இடம். மிஞ்சிய மூன்று இடத்தில் மூன்று கார்டுகளை இரண்டாவது முறை போட்டு நிரப்பினார்கள், அதில் ஒன்று பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் 311-ஆம் எண் கார்டு. அப்படியானால் அந்தப் பகுதியில் இருக்கும் மற்ற கார்டுகளைவிட மேன்டில் கார்டு இரண்டு மடங்கு அதிகம் அச்சானது. ஆனாலும் அதன் ஒரு பிரதி 2022 ஆகஸ்ட்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது, அக்கம்பக்கத்து எண்கள் எதுவும் அந்தத் தொகையின் கிட்டக்கூட வந்ததில்லை. அச்சு எண்ணிக்கை மட்டும் விலையைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்காக அச்சு எண்ணிக்கை முக்கியமில்லை என்று ஆகாது. அந்தக் கடைசிப் பகுதி சீசன் முடியும் நேரத்தில்தான் வெளிவந்தது, கடைகள் பெரிதாக வாங்கவில்லை, விற்காமல் கிடங்கில் கிடந்த பெட்டிகளை 1960-இல் அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியதாக டாப்ஸில் இருந்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விற்றவற்றையும் பிள்ளைகள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்துப் பாழாக்கினார்கள். ஆகவே நீங்கள் எண்ண வேண்டியது ஒரு எண் இல்லை: எத்தனை அச்சானது, எத்தனை மிஞ்சியது, அதில் எத்தனை நல்ல நிலையில் இருக்கிறது, அதிலும் எத்தனை இன்றைக்கு விற்பனைக்கு வருகிறது. இதெல்லாம் ஒரு பக்கம், வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம்.

சரி, முதல் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? சீரியல் நம்பர் போட்ட கார்டு என்றால் கார்டிலேயே இருக்கிறது. நம்பர் போடாத சாதாரண கார்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, கார்டுகள் அடைத்து விற்கும் பேக்கின் உறையில், எத்தனை பேக்குக்கு ஒன்று கிடைக்கும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாய்ப்பு விகிதத்தை வைத்தே போட்டுவிடலாம். ஒரு கற்பனைச் செட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 99 வரை நம்பர் போட்ட நீலக் கார்டு வருகிறது, 100 ஆட்டக்காரர்களுக்கு. மொத்த நீலக் கார்டு 9,900. உறையில் "40 பேக்குக்கு ஒன்று" என்று போட்டிருக்கிறது. 9,900 × 40 = 3,96,000 பேக். ஒரு பேக்கில் 8 சாதாரண கார்டு, செட்டில் 200 கார்டு என்றால், 3,96,000 × 8 ÷ 200 = 15,840. ஒவ்வொரு சாதாரண கார்டும் ஏறக்குறைய இத்தனை பிரதி அச்சாகியிருக்கிறது. பேனாவும் பேப்பரும் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ஒன்றே ஒன்று, ஒரே செட் பல விதமான பாக்ஸில் வந்தால் ஒவ்வொன்றிலும் விகிதம் வேறாக இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே விகிதத்தைப் போட்டால் விடை எங்கேயோ போய்விடும். துல்லியம் வராது, ஆனால் ஆயிரத்திலா லட்சத்திலா என்று தெரிந்துவிடும், அது போதும்.

நம்பர் போட்ட கார்டில் இருக்கும் வேறொரு கண்கட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆட்டக்காரரின் ஒரே படம் சிவப்பில் 5, தங்கத்தில் 10, ஆரஞ்சில் 25, பச்சையில் 50, இன்னொன்றில் 75, அப்புறம் 99, 150, 199 என்று வருகிறது என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அரிது, கூட்டிப் பார்த்தால் 613. இதே ஆள் அந்த வருடம் பத்து செட்டில் வந்திருந்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். "ஒன்றே ஒன்று" என்ற முத்திரையும் அப்படித்தான், அச்சுத் தகடுகள் நான்கு நிறத்துக்கு நான்கு, ஒவ்வொன்றின் மேலும் 1/1 என்றுதான் போட்டிருக்கும். நான் இப்போதெல்லாம் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் செட்டைப் பார்க்கிறேன்: ஆட்டக்காரரின் முதல் வருடமா, எல்லோரும் சேர்க்கிற முக்கியச் செட்டா, கையெழுத்து கார்டின் மேலேயே போட்டதா, ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதா. இந்தக் கேள்விகளில் தேறாத 5/10-ஐவிட, தேறுகிற 99 எவ்வளவோ மேல்.

அடுத்தது மிஞ்சிய எண்ணிக்கை. 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த பேஸ்பால் கார்டுகளை "ஜங்க் வாக்ஸ்" என்கிறார்கள், அதாவது குப்பைக் காலத்துக் கார்டுகள். அளவில்லாமல் அச்சடித்தார்கள் என்பது பாதிக் காரணம்தான். பழைய கார்டுகள் விலை ஏறியதைப் பார்த்துவிட்டு, இது நாளைக்குக் காசு என்று எல்லோருமே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டார்கள், எதுவும் அழியவில்லை. 1989 அப்பர் டெக் செட்டின் முதல் கார்டு பேஸ்பால் ஆட்டக்காரர் கென் கிரிஃபி ஜூனியருடையது, நல்ல கார்டு, எல்லோருக்கும் பிடித்த கார்டு, ஆனால் கார்டின் நிலையைப் பார்த்துத் தரம் போடும் பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனத்திடம் உச்சத் தரமான 10 வாங்கியவையே 4,000-ஐத் தாண்டியாகிவிட்டது. 1986 ஃப்ளீர் கூடைப்பந்து செட்டின் மைக்கேல் ஜோர்டான் கார்டில் அதே 10 தரம் முந்நூற்றுச் சொச்சம்தான்.

இந்த எண்ணிக்கைக்குத்தான் பாப் ரிப்போர்ட் என்று பெயர், கிரேடிங் நிறுவனங்கள் தாங்களே வெளியிடுகின்றன. வாங்குவதற்கு முன் கட்டாயம் பாருங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 9 கிடைத்த கார்டை, கிரேடிங் நிறுவனம் அடைத்துத் தந்த பிளாஸ்டிக் கூட்டிலிருந்து உடைத்து எடுத்து 10 வருமா என்று திரும்ப அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், பழைய லேபிளைத் திருப்பித் தராவிட்டால் ஒரே கார்டு இரண்டாகப் பதிவாகிவிடும். இன்னொரு பக்கம், மலிவான கார்டை யாரும் காசு கொடுத்துக் கிரேடிங்குக்கு அனுப்ப மாட்டார்கள், அதனால் "உலகிலேயே 3 தான்" என்று பட்டியலில் தெரியும், வீடுகளில் பெட்டி பெட்டியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். உண்மையான அரிது எது என்றால், ஆயிரக்கணக்கில் அனுப்பியும் 10 வராதது. 1979 ஓ-பீ-சீ ஐஸ் ஹாக்கி செட்டின் வேய்ன் கிரெட்ஸ்கி கார்டு அப்படிப்பட்டது. அந்த ஷீட்டுகளைக் கம்பியால் வெட்டியதால் விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும், 10 தரம் வாங்கியவை இரண்டே இரண்டு, 2021-இல் அதில் ஒன்று 37.5 லட்சம் டாலர்.

எண்ணிக்கை மாறாமலே விலை விழுவதும் உண்டு. மேலே சொன்ன ஜோர்டான் கார்டு 10 தரத்தில் 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது, அடுத்த வருடமே அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. புதிதாக யாரும் அச்சடிக்கவில்லை, மூட்டை மூட்டையாக எங்கிருந்தும் கிளம்பி வரவும் இல்லை, வாங்கத் துடித்தவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

விளையாட்டுக் கார்டு சேர்ப்பவர்களுக்கு இல்லாத ஒரு பயம் மேஜிக், போக்கிமான் போன்ற கார்டு ஆட்டங்களின் கார்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு உண்டு: மறுபதிப்பு. மேஜிக்கின் 1993 ஆல்ஃபா பதிப்பில் ஒவ்வொரு ரேர் கார்டும் ஏறக்குறைய 1,100 பிரதி, அடுத்து வந்த பீட்டாவில் மூவாயிரத்துச் சொச்சம், அன்லிமிடெடில் 18,000-க்கும் மேல். மூன்றிலும் ஒரே பிளாக் லோட்டஸ் கார்டு, ஒரே படம், ஒரே விதி, ஆட்டத்தில் ஒரே பலன். விலை மட்டும் இந்த வரிசைப்படியே இறங்கும். 1995-இல் குரோனிக்கிள்ஸ் என்ற தொகுப்பில் பழைய கார்டுகளை மறுபடி அச்சடித்தபோது சேர்ப்பவர்கள் கொதித்துப்போனார்கள், அதன் பிறகுதான் 1996-இல் "இவற்றை இனி அச்சடிக்க மாட்டோம்" என்ற ரிசர்வ்டு லிஸ்ட் வந்தது. மேஜிக்கில் விலை கூடிய கார்டு வாங்குகிறீர்களா, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி ஆடுகிறவர்களின் தேவை, மறுபதிப்பு வந்த அன்றைக்கே அது கரைந்துவிடும்.

போக்கிமானில் அந்த மாதிரி வாக்குறுதி எதுவும் கிடையாது. 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சுமார் 970 கோடி கார்டு, அதற்கடுத்த ஆண்டில் 1,190 கோடி. இவ்வளவு அடித்தும் சில கார்டுகள் விலை நிற்கின்றன என்றால், நூற்றுக்கணக்கான பேக் பிரித்தால்தான் ஒன்று கிடைக்கும் என்று வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் அதுவே வேண்டும். என் வழக்கம் இதுதான்: செட் இன்னும் அச்சில் இருந்தால் வெளிவந்த வாரத்தில் தனிக் கார்டு வாங்குவதே இல்லை, அடுத்த லோடு கடைக்கு வரட்டும் என்று காத்திருப்பேன். சில முறை ஏமாந்திருக்கிறேன், பல முறை காசு மிச்சம்.

ஆர்டருக்கு ஏற்ப அச்சடிக்கும் கார்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். டாப்ஸின் புராஜெக்ட் 2020 அப்படித்தான் வந்தது. ஆரம்பத்தில் ஒரு கார்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் பிரதி, மறுவிற்பனை விலை எகிறியது, அதைப் பார்த்து எல்லோரும் ஆர்டர் போட்டார்கள், ஒரு கிரிஃபி கார்டு லட்சம் பிரதியை நெருங்கிவிட்டது, விலை தொப்பென்று விழுந்தது. நேற்றைய கார்டு அரிதாக இருந்ததால்தான் இன்றைய கார்டு அரிதாக இருக்காது.

கடைசியாக, காசு கொடுப்பதற்கு முன் விற்றுமுடிந்தவற்றின் பட்டியலைத் திறந்து, மூன்று மாதத்தில் எத்தனை விற்றது, இப்போது எத்தனை விற்பனைக்குக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது யார் வேண்டுமானாலும் எழுதலாம், நானே எழுதியிருக்கிறேன். அந்தக் கார்டு விற்றே இருக்கவில்லை என்றால் அதே ஆளின் 25, 50 நம்பர் கார்டுகள் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். அதுவும் போகவில்லையா, விட்டுவிடுங்கள். என் 5/10-ஐ இப்போது கால்வாசி விலைக்கு இறக்கியிருக்கிறேன். இந்த மாதம் பார்த்தவர்கள் 11 பேர், அதில் நான் எத்தனை முறை என்று தெரியவில்லை.