வைக்கோல் கட்டில் காய்கறி: சூடு அடங்கட்டும், அப்புறம் நாற்று

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து பேலர் (வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம்) ஓடிய வயலில் உருளைக் கட்டுகள் கிடக்கும். ஒரு கட்டே ஒரு மேட்டுப்பாத்தி, அதிலேயே காய்கறி நடலாம். களர் மண்ணோ கட்டாந்தரையோ, அடியில் எது இருந்தாலும் பரவாயில்லை. புல் கட்டு மட்டும் வேண்டாம், விதை முளைத்து உயிரை வாங்கும். வைக்கோலில் சிந்திய நெல்லும் முளைக்கும்தான். பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது.

கயிற்றை அறுக்காமல், தட்டையான முகம் மேலே வரும்படி நிறுத்துங்கள். அப்போதுதான் சுருள்களுக்கு இடையே தண்ணீர் இறங்கும். படுக்க வைத்தால் வழிந்தோடிவிடும். நனைந்த கட்டு மூன்று மடங்கு கனக்கும் என்பதால், வைக்கும் இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மாடி என்றால் தளத்தின் பலம் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

15 கிலோ கட்டுக்குக் கணக்கு இது. முதல் மூன்று நாள் தண்ணீர் மட்டும், அடியில் கசியும்வரை. 4, 6, 8-ம் நாள்களில் தலா 75 கிராம் யூரியா தூவித் தண்ணீர் ஊற்றுங்கள். 9, 10, 11-ல் தலா 40 கிராம். 12-ம் நாள் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 17:17:17 காம்ப்ளக்ஸ் உரம் 100 கிராம். யூரியா வேண்டாதவர்கள் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோ வீதம் மூன்று முறை கரைத்து ஊற்றலாம். கூடுதலாக ஒரு வாரம் பிடிக்கும்.

இதற்குள் வைக்கோல் மட்கத் தொடங்கி, அந்தச் சூட்டில் கட்டு கொதிக்க ஆரம்பித்திருக்கும். பலர் தோற்பது இங்கேதான்: பொறுக்காமல் நட்டு, வேர் வெந்து, இரண்டே நாளில் செடி துவளும். ஒரு இரும்புக் கம்பியை நடுவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவி, நுனியைப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நடலாம். சுரீர் என்றால் இன்னும் மூன்று நாள் காத்திருங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் என்றால் கட்டுக்கு இரண்டு நாற்று. குழி பறித்து இரண்டு கை மட்கிய எரு போட்டு நடுங்கள். கீரை, வெண்டைக்கு மேலே இரண்டு அங்குலம் எரு பரப்பி விதைக்கலாம். முள்ளங்கி, கேரட் சரிப்படாது.

தாங்கு கம்பைத் தரையில் ஊன்றுங்கள். கட்டு அமுங்க அமுங்க, அதில் செருகிய கம்பும் சேர்ந்து சாயும். வெயில் காலத்தில் காலை, மாலை இருவேளை தண்ணீர். காய்ந்தால் கரையான் ஏறும். அடி இலை வெளுத்தால் தழைச்சத்தை (நைட்ரஜனை) வைக்கோல் இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம்: 10 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் யூரியா கரைத்து ஊற்றுங்கள். இலை கருகருவென்று தழைத்துப் பூவே வராவிட்டால் யூரியாவை நிறுத்துங்கள். பக்கவாட்டில் முளைக்கும் காளானால் செடிக்குக் கெடுதல் இல்லை, சமைக்க மட்டும் எடுக்காதீர்கள்.

ஐந்தாறு மாதத்தில் கட்டு சரிந்து மட்கிவிடும். நைலான் கயிறு என்றால் அப்போதே உருவிவிடுங்கள். மண்ணோடு புதைந்தால் மண்வெட்டியில் சுற்றிக்கொள்ளும்.