குதிரையின் பக்கத்தில் நடப்பவர் அறிய வேண்டியவை

மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சியில், கயிறு பிடித்துக் குதிரையை நடத்திச் செல்ல ஒருவரும், சவாரி செய்பவரின் இரு பக்கமும் நடந்து வர இருவருமாகப் பெரும்பாலும் மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். பக்கத்தில் நடப்பவருக்குக் குதிரையேறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; அரை மணி நேரம் மணலில் சீராக நடக்கவும், கையை உயர்த்தியபடி வைத்திருக்கவும் தெம்பு இருந்தால் போதும். ஆனால் அந்தக் கையை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதைக் கற்றே ஆக வேண்டும். புதிதாக வரும் தன்னார்வலர்கள் இதில்தான் தவறுகிறார்கள். அன்பு மிகுந்தவர்கள் இன்னும் அதிகமாகத் தவறுகிறார்கள்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு, மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைத்து, சற்றே சுழற்றவும் செய்கிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இப்படித்தான். குதிரை நிமிடத்திற்குச் சுமார் 100 காலடி எடுத்து வைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 3,000 முறை உடல் நிலைகுலைந்து தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. பெருமூளை வாதத்தால் ஒருநாளும் நடந்திராத குழந்தைக்கும் நடையின் தாளம் இடுப்பில் கிடைக்கிறது. இடுப்பைச் சுற்றி நாம் இறுகப் பிடித்துக்கொண்டால் அந்த அசைவு நம் கையிலேயே நின்றுவிடும். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கு 1944-ல் போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயல்பாடு திரும்பவில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் துணை வேண்டியிருந்தது. ஏறிய பின் எவர் கையும் வேண்டியிருக்கவில்லை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

மருத்துவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியாக உள்ளனவா என்று பார்த்தாக வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு, இடம் விலகிய இடுப்பு மூட்டு, ஆறாத படுக்கைப் புண் ஆகியவை இருந்தால் சவாரி வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்கும் லாயத்தில் இடம் உண்டு; குதிரைக்குப் பிரஷ் போடுவதும், தீவனம் வைப்பதும், கயிறு பிடித்துக் கூட நடப்பதும் முழுமையான பயிற்சிகளே.

ஏற்றும் நேரம்தான் மிகுந்த கவனம் தேவைப்படும் நேரம். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை முதலில் சரிபாருங்கள். சாய்வுமேடையின் ஓரத்தில் குதிரை அசையாமல் நின்ற பிறகே குழந்தையை நகர்த்த வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் சவாரி செய்பவரைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டுவது ஒருபோதும் கூடாது. குதிரை இடறினால் அவரும் அதனோடு சாய்வார்.

நடக்கத் தொடங்கியதும், குழந்தையின் முழங்காலுக்கு நேராக, முந்தாமலும் பின்தங்காமலும் வாருங்கள். சமநிலை குறைந்தவருக்குத் தொடைப் பிடி பயன்படும்: குதிரையை ஒட்டிய உங்கள் முன்கையைக் குழந்தையின் தொடைமேல் குறுக்காக வைத்து, விரல்களால் சேணத்தின் முன்விளிம்பைப் பற்றுங்கள். கையின் கனம் மட்டும் தொடையில் இருக்கட்டும், அழுத்தம் வேண்டாம். முழங்கை குதிரையின் விலாவில் குத்தினால், வேகமாகப் போகச் சொல்வதாக அது எடுத்துக்கொள்ளும். உடல் நிமிர நிமிரப் பிடியைக் கணுக்காலுக்கு இறக்கி, பிறகு பயிற்றுநரின் சம்மதத்தோடு முழுவதும் விட்டுவிடலாம். கை வலித்தால் சொல்லுங்கள். குதிரையை நிறுத்தி, ஒருவர் பிடித்திருக்க மற்றவர் இடம் மாற வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் கையை எடுக்கக் கூடாது.

குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தால் தோளைப் பிடித்து இழுக்காதீர்கள். குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே பார்க்கச் சொல்லுங்கள். தலை நிமிர்ந்தால் முதுகும் பெரும்பாலும் தானாக நிமிரும். பயிற்றுநர் ஒன்று சொல்ல, இரு பக்கத்திலிருந்தும் நாமும் ஆளுக்கொன்று சொன்னால், ஆட்டிசம் உள்ள குழந்தை மூன்று குரல்களுக்கு நடுவே திகைத்துப்போகும். பயிற்றுநர் கேட்டதும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பேசாத சிறுவன் ஒருவனோடு நான் நடந்த நாட்களில், "நட" என்பதற்கு அடையாளமாகக் குதிரையின் பிடரியில் அவன் தட்ட வேண்டும் என்று வைத்திருந்தோம். எட்டு எண்ணும்வரை அவனுடைய விரல்கள் மயிரிலேயே அளைந்துகொண்டிருக்கும். ஒன்பதில் உள்ளங்கை மெல்ல எழும். அதற்குள் அவனுக்காக நாம் தட்டியிருந்தால் அந்தக் கை எழுந்தே இருக்காது.

குதிரை மிரண்டால் கயிறு பிடித்தவர் குதிரையைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் இருவரும் தொடைப் பிடியை இறுக்கிக் குழந்தையோடு இருங்கள். இறக்கச் சொல்லிப் பயிற்றுநர் குரல் கொடுத்தால், முதலில் குழந்தையின் பாதங்களை அங்கவடியிலிருந்து (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) விடுவித்துவிட்டு, அவர் சொன்ன பக்கமாக இறக்கிக் குதிரையை விட்டு விலகுங்கள். வலிப்பு வந்தாலும் உடனே இறக்க வேண்டும். காதைப் பின்னுக்கு மடக்குவதும், வாலை விசிறி அடிப்பதும், தலையை விடாமல் உதறுவதும் குதிரைக்கு வலியோ சலிப்போ உண்டாகியிருப்பதைக் காட்டும். பக்கத்தில் இருக்கும் உங்களுக்கே அது முதலில் தெரியும் என்பதால், நேரம் முடியட்டும் என்று காத்திராமல் சொல்லிவிடுங்கள்.

இறங்கியதும் குழந்தையை உடனே நடக்க விடாமல், கால் ஊன்றிச் சிறிது நேரம் நிற்கச் செய்யுங்கள். காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு, சேணம் உரசிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று அன்றே வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு மறையாதிருந்தால் அது முழுவதும் ஆறும்வரை அடுத்த சவாரி வேண்டாம்.